காபி நிறமாகும் டம்ளரும் ஒரு சிட்டிகை உப்பும்

வீட்டு வாசலுக்கு வந்து, நாம் குடிக்கிற தண்ணீரை நம் கண் முன்னாலேயே காபி நிறத்துக்கு மாற்றிக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. மதுரையைச் சுற்றி எங்கெல்லாம் புதுக் காலனி முளைத்திருக்கிறதோ அங்கெல்லாம் அது வந்துவிட்டது. இன் பண்ணிய சட்டை, தோளில் பை, பைக்குள் அந்தக் கருவியும் ஒரு பாட்டில் தெளிந்த தண்ணீரும். "உங்க வீட்டுத் தண்ணிய ஃப்ரீயா செக் பண்ணித் தர்றோம்மா" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மாவின் முகம் வெளுத்துவிடும். அப்புறம், தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. மெஷினுக்கு முன்பணம் கைமாறிவிடும்.

இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மெஷின் விற்பதில் ஒரு தப்பும் இல்லை. ஒத்தக்கடையில் மோட்டார், பைப் சாமான் கடை வைத்திருக்கிறேன், ஆர்.ஓ. ஃபில்டரும் மெம்பரேனும் நானும் விற்கிறேன். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீருக்கு அது நிஜமாகவே தேவைப்படுகிற வீடுகள் நிறைய உண்டு. ஆனால் தேவையைச் சொல்லி விற்பது வேறு, பயத்தைக் காட்டி விற்பது வேறு. அதிலும் பள்ளிக்கூடத்து வேதியியலை எடுத்துப் பயமுறுத்தப் பயன்படுத்துவதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன்.

பக்கத்து வீட்டு மதினி ஒரு நாள் பதறிப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் மதினி வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அந்தத் தம்பி கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதிலிருந்து டம்ளருக்கு இரண்டு கம்பியாக நாலு கம்பி தொங்கின: ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். ஒயரைப் பிளக்கில் செருகியதும் குழாய்த் தண்ணீரில் அலுமினியக் கம்பியைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. இரும்புக் கம்பியின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் இறங்கியது. பிறகு பச்சையும் பழுப்புமாகக் கசடு திரண்டு மேலே மிதந்தது. பக்கத்து டம்ளர் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"இதத்தான் அண்ணே நம்ம பிள்ளைங்க குடிக்குதா?" என்று மதினி கேட்டபோது குரலே உடைந்துவிட்டது. அந்தம்மாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நான் அடுப்படியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். "தம்பி, டம்ளரைக் கழுவிட்டு உங்க பாட்டில் தண்ணியவே ரெண்டுலயும் ஊத்துங்க. ஒண்ணுல மட்டும் ஒரு சிட்டிகை உப்பு போடுவோம்" என்றேன். தம்பி கொஞ்சம் யோசித்தார், ஆனால் மறுக்கவில்லை. உப்பு போட்ட டம்ளர், மதினி வீட்டுத் தண்ணீரைவிட வேகமாகப் பழுப்பானது. அதே பாட்டில், அதே ஆர்.ஓ. தண்ணீர். நாம் தினமும் ரசத்தில் போடுகிற உப்பு. மதினி என்னைப் பார்த்தார், தம்பி கம்பியைப் பார்த்தார்.

"கம்பியத் தொடாதீங்க, முதல்ல பிளக்கக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மூடியைத் திருப்பிக் காட்டினேன். இரும்புக் கம்பிகளின் அடிப்பகுதி கறையான் அரித்த மாதிரி குழி குழியாக இருந்தது, மேல்பகுதியைவிட மெலிந்தும் போயிருந்தது. வாசல் வாசலாகக் கரைந்த இரும்பு அது. டம்ளரில் மிதந்த கசடு முழுக்க அந்தக் கம்பியிலிருந்து வந்ததுதான். தண்ணீருக்குள் முன்பே ஒளிந்திருந்து வெளியே வந்தது என்று ஒன்றும் கிடையாது.

நடப்பது இவ்வளவுதான். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் ஓடும். ஓடும்போது நேர்மின் முனையான இரும்பு கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழியாகக் கிளம்புகிறது. கரைந்த இரும்பு முதலில் பச்சை நிற ஹைட்ராக்சைடாகவும், காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் துருவின் பழுப்பாகவும் மாறுகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் ஓடாது, இரும்பும் கரையாது. எவ்வளவு இரும்பு கரையும் என்பதை 1830-களிலேயே மைக்கேல் ஃபாரடே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 17 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லி டம்ளரில் அது லிட்டருக்கு 85 மில்லிகிராம் என்று ஆகிறது. அரை ஆம்பியர் ஓடினாலும் நிறம் மாறப் போதும்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் கரண்டுப் பக்கமே போக வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, துத்தநாகம் பூசாத சாதா இரும்பு ஆணி இரண்டு, இரண்டு துண்டு ஒயர் போதும். உப்புப் போட்ட டம்ளரில் கொஞ்ச நேரத்தில் நிறம் தெரியும், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றும் நடக்காது. முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. "அண்ணே, ட்ரெயினிங்ல எங்களுக்கு இதச் சொல்லித் தரவே இல்லண்ணே, அழுக்குன்னுதான் சொன்னாங்க" என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவராம். மாசம் இத்தனை மெஷின் என்று மேலே இருப்பவர்கள் இலக்கு வைத்து வெயிலில் அனுப்புகிறார்கள். தெரிந்தே இப்படி ஒரு கருவியைப் பையில் போட்டு அனுப்புகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மதினி வீட்டில் செய்ததில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது: மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அந்தத் தம்பி காட்டிய இரண்டு டம்ளரில் தண்ணீரின் ஊர், குழாய், உப்பு, கிருமி எல்லாமே வேறு வேறு. அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. உப்பை மட்டும் மாற்றியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. கடைக்கு யார் என்ன அதிசயப் பொருளைக் கொண்டுவந்தாலும் நான் இதைத்தான் கேட்கிறேன்.

டிடிஎஸ் மீட்டர் இன்னொரு கதை. டிடிஎஸ் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பேனா அளவில் ஒரு கருவி, அடியில் இரண்டு சின்ன முனை, மேலே ஒரு எண். 900 என்று காட்டினால் விஷம், 40 என்று காட்டினால் அமிர்தம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதை மட்டும்தான். அதைச் சுமார் 0.5 முதல் 0.7 வரை உள்ள ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. சோதிக்க அதே வழி. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கால் கிராம் உப்பைப் போடுங்கள், எண் ஒரேயடியாக ஏறும். இன்னொரு லிட்டரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள், எண் பெரிதாக அசையாது. சர்க்கரை கரையும், மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சிமருந்து கலந்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது, வயிற்றுப்போக்குக் கிருமி லட்சக்கணக்கில் நீந்தினாலும் தெரியாது. இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரைக் கீழே கொட்டுவோமா?

எண்ணை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. 500-க்கும் கீழே இருக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவதைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்குச் சொன்னது. காரணம், வீணாகும் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற மாநகராட்சிப் பகுதி வீடுகளில் முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 500-க்குக் கீழே இருந்து ஆய்வக அறிக்கையிலும் குறையில்லை என்றால் சாதாரண ஃபில்டரும் புற ஊதா விளக்கும் உள்ள மெஷின் போதும்.

போர்த் தண்ணீர் அப்படி இல்லை. எங்கள் ஊர் யானைமலை வெளியே தெரிகிற பாறை. அதே பாறை பூமிக்குள்ளும் போகிறது. எங்கள் ஊரில் போர் போட்டால் பாறை இடுக்குகளில் தங்கிய தண்ணீர்தான் வரும். கால்சியமும் மக்னீசியமும் ஏறி வரும். சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கு விழும், பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பருப்பு விஷயம் வெறும் பேச்சு இல்லை. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் "நல்ல தண்ணி" ஒரு குடம் சமையலுக்கென்று தனியாகப் பிடித்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில். கடைக்குச் சர்வீஸுக்கு வருகிற ஹீட்டர் காயிலைப் பார்த்தால் கம்பியே தெரியாது, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைப் பாளம். அதைத் தட்டிப் பெயர்த்தால் ஓடு ஓடாகக் கழன்று விழும், ஒவ்வொரு ஓட்டிலும் வளையம் வளையமாகப் படிவம் தெரியும். அந்தப் பாளம் வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. காயில் தானே சூடேறிக் கருகிவிடும்.

இப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது மெஷின் வாங்குங்கள் என்பதை அல்ல, தண்ணீரை ஆய்வகத்தில் கொடுங்கள் என்பதை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். அறிக்கையில் டிடிஎஸ்ஸைவிட முக்கியமாக இரண்டு வரியைப் பாருங்கள்: ஃபுளோரைடும் நைட்ரேட்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. ஃபுளோரைடு கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இந்த இரண்டையும் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக இன்னும் கெட்டிப்படும். இங்கேதான் ஆர்.ஓ. தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது, பின்னால் தொங்கும் மெல்லிய கழிவுநீர்க் குழாய். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர மூன்று லிட்டர் அளவுக்கு வெளியே தள்ளும். 1000 டிடிஎஸ் உள்ள தண்ணீர் நாலு லிட்டர் உள்ளே போகிறது என்று வையுங்கள், மொத்தம் 4000 மில்லிகிராம் உப்பு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 100 டிடிஎஸ்ஸோடு வெளியே வந்தால், மீதி 3900 மில்லிகிராம் மூன்று லிட்டரில் இருக்கும். அதாவது லிட்டருக்கு 1300. நிறையப் பேர் இதைச் சாக்கடையில் விடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்புவதில் என்ன கணக்கு? குழாயை ஒரு டிரம்முக்கு இழுத்துவிடுங்கள். வீடு துடைக்க, கக்கூஸில் ஊற்ற, வாசல் தெளிக்கத் தாராளமாகப் போதும். செடிக்கு மட்டும் வேண்டாம், தொட்டிமண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

மெயின் பைப்பில் காந்தம் மாட்டினால் உப்புப் படியாது என்று கேட்டு வருபவர்கள் உண்டு. நான் விற்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு பாத்திரம், ஒரே அடுப்பு, ஒன்றில் காந்தம் வழியாக வந்த தண்ணீர், இன்னொன்றில் அதே போரின் சாதாத் தண்ணீர். இரண்டையும் வற்றக் காய்ச்சிப் படிவத்தைச் சுரண்டி நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், அப்புறம் வாங்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அல்கலைன் தண்ணீர், அதாவது காரத்தன்மை ஏற்றிய தண்ணீர், என்று ஒன்று. நம் வயிற்றில் பி.எச். 2 என்கிற அளவில் அமிலம் காத்திருக்கிறது. அதைத் தாண்டி எந்த அல்கலைனும் போகாது. செப்புக் குடம் பரவாயில்லை. ராத்திரி முழுக்க இருந்தால் செம்பு கிருமிகளைக் கொல்லும், ஆனால் உப்பையோ ஃபுளோரைடையோ தொடாது. எங்கள் அப்பத்தா கலங்கிய கண்மாய்த் தண்ணீருக்குப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார். காலையில் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். படிகாரம் செய்கிற வேலையும் இதுதான், சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றைக்கும் நடப்பது. தெளிய வைக்கிற வேலைக்கு அது அருமையான முறை. கிருமிக்குத் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும்.

கிருமி என்று வந்துவிட்டால் மெஷினைவிட டம்ளர்தான் பெரிய விஷயம். இதில் எனக்கு ரொம்ப ஆதங்கம் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி ஆர்.ஓ. மாட்டிய வீட்டில், அந்தத் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் பிடித்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் டம்ளரோடு கையையும் முக்கி எடுக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது. உள்ளே விழுந்த கிருமியைத் தடுக்க எதுவும் இல்லை. குழாய் வைத்த மூடிய பாத்திரம் வாங்குங்கள். மானாமதுரையில் குழாய் பொருத்திய மண்பானையே கிடைக்கிறது. சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சளியும் பிடிக்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சளி விஷயம் எப்படியோ, பானை வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே உள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போவது மட்டும் உறுதி. கேன் தண்ணீர் வாங்குபவர்கள் மூடியில் சீல் இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

கிருமியைச் சந்தேகப்பட்டால் சின்ன மருந்துப் பாட்டில் சோதனை ஒன்று உண்டு. 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் கொண்டுவந்த முறை. பாட்டிலில் தண்ணீரை ஊற்றி மூடி, வீட்டிலேயே ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி கலந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். டிடிஎஸ் மீட்டரால் சொல்ல முடியாததை இந்தப் பாட்டில் சொல்லும்.

மழை பெய்து தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிவிட்டால் ஆர்.ஓ. காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். குளிக்கிற, பல் தேய்க்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அந்தச் சம்ப்பிலிருந்துதான் வருகிறது. முதலில் சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு; 5000 லிட்டர் சம்ப்புக்கு 12.5 கிராம். பவுடரை அப்படியே அள்ளிப் போடக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே உள்ள தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடலாம். பவுடர் பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து குளோரின் போய்க்கொண்டே இருக்கும், அதனால் போன வருஷத்து மிச்சத்தைப் போடாமல் புதுப் பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.